கன்ஹேரி போற வழில பார்த்தது தப்பிச்சு வந்த கூண்டு ஃபிஞ்ச்சா, நம்ம காட்டுக் குருவியா?

முலுண்ட்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். மும்பை போரிவலி நேஷனல் பார்க்குக்கு அடிக்கடி போறவங்க இந்தக் குழுவில இருக்கீங்க, அதனாலதான் இங்க கேக்கறேன்.

போன ஞாயிறு என் பொண்ணைக் கூட்டிக்கிட்டு பார்க்குக்குள்ள இருக்கிற கன்ஹேரி குகைக்குப் போனேன். ஒன்பது வயசு. மினி பஸ் வேணாம், நடந்தே போவோம்ப்பான்னு அடம். பாதி வழில ரோட்டோரமா ஒரு மூங்கில் புதர். அதுக்குக் கீழ இடுப்பு உயரத்துக்குக் காஞ்ச புல். காத்தே இல்ல, ஆனா புல்லுத் தண்டு மட்டும் வளைஞ்சு வளைஞ்சு நிமிருது. கிட்டப் போய்ப் பார்த்தா ஏழெட்டு குட்டிக் குருவி கதிர்ல தொங்கிக்கிட்டு விதையை உருவித் தின்னுட்டிருக்கு. எங்க காலடி கேட்டதும் ஒண்ணா எழும்பிச்சு. பறக்கறப்ப வால் ஆரம்பிக்கிற இடத்துல ஒரு வெள்ளைத் துண்டு பளிச்சுன்னு தெரிஞ்சுது.

என் பொண்ணு அப்படியே நின்னுட்டா. "அப்பா, நம்ம சாக்லேட்டு!"

வீட்டுல ஒரு ஜோடி பெங்காலி ஃபிஞ்ச் வளர்க்கிறோம். ரெண்டு வருஷம் முன்னாடி அவ பிறந்தநாளுக்குக் கடையில வாங்கினது. ஒண்ணு முழுக்க காபிக்கொட்டை நிறம், அதுதான் சாக்லேட்டு. இன்னொண்ணு பிரவுனும் வெள்ளையும் கலந்தது. காட்டுல பார்த்ததுக்கும் சாக்லேட்டுக்கும் மூக்கு, உடம்பு, கூர்வால் எல்லாம் அப்படியே ஒண்ணுதான்.

பக்கத்துல பெரிய கேமராவோட நின்ன ஒருத்தர், "யாரோ கூண்டைத் திறந்து விட்டிருப்பாங்க, இதெல்லாம் வெளிநாட்டு ஃபிஞ்ச், காட்டுக்குச் சம்பந்தமில்லாதது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அதுலேர்ந்து வீட்டுல ஒரே பேச்சு. "அதுங்க அங்க சந்தோஷமா இருக்கே, நம்மளையும் கொண்டுபோய் விட்டுடலாம்ப்பா"ங்கிறா. தினமும் ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி கேக்கறா. எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

அந்தக் குருவி நம்ம காட்டுதா, இல்லையா? எங்க ஜோடியை அங்க விடலாமா? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஆரே_காலைநடை:

ஃபிஞ்ச்ங்கிற பேரே கொஞ்சம் குழப்பம். தடிச்ச கூம்பு மூக்கும் விதை தின்னுற பழக்கமும் இருந்தா வெள்ளைக்காரங்க எதையும் ஃபிஞ்ச்னு கூப்பிட்டுட்டாங்க. டார்வின் ஃபிஞ்ச்னு பாடத்துல படிச்சோமே, அதுவே உண்மையான ஃபிஞ்ச் குடும்பம் இல்ல, டானஜர்ங்கிற வேற பறவைக் குடும்பம். நம்ம பக்கம் அசல் ஃபிஞ்ச்னு சொல்லணும்னா ரோஸ்ஃபிஞ்ச். குளிர்காலத்துல இமயமலைப் பக்கத்துலேர்ந்து தீபகற்பத்துக்கு இறங்கி வரும், ஆணுக்குத் தலையும் மார்பும் செவசெவன்னு இருக்கும். நீங்க பார்த்தது அது இல்ல. ஏதோ ஒரு முனியா. எந்த முனியாங்கிறதை சிலோண்டா அக்கா வந்து சொல்லட்டும், அவங்களுக்கு அந்தப் பாதை அத்துப்படி.

சிலோண்டா:

தம்பி முலுண்ட்வாசி, உங்க பதிவை ரெண்டு தடவை படித்தேன். "காத்தே இல்ல, ஆனா புல்லுத் தண்டு வளைஞ்சு நிமிருது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியிலேயே பறவை வந்துவிட்டது. அந்தக் கேமராக்காரர் சொன்னது தவறு. நீங்கள் பார்த்தது வெண்முதுகுச் சில்லை. முனியா என்று மும்பையில் எல்லோரும் சொல்வார்கள், தமிழில் சில்லை. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் இந்த வகை எல்லாவற்றுக்கும் சேர்த்து தினைக்குருவி என்றுதான் பெயர். இது இந்த மண்ணின் பறவை. ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்தது 1766இல். விஹார் ஏரி கட்டி முடித்தது 1860இல், துளசி ஏரி 1879இல். அந்த ஏரிகளின் நீர்ப்பிடிப்புக்காகத்தான் சுற்றியிருந்த காட்டை அந்தக் காலத்திலிருந்தே வெட்டாமல் காத்தார்கள், அதனால்தான் இந்தப் பெருநகரத்தின் நடுவில் இன்றைக்கு நமக்கு நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு மிஞ்சியிருக்கிறது. இந்தக் குருவி அதற்கெல்லாம் முந்தியது. அதைப் போய் வெளியூர்க்காரன் என்றால் எனக்கு மனசு கேட்கவில்லை.

இருபத்திரண்டு வருஷமாகப் போரிவலி கிழக்கில் இருக்கிறேன். திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை, மற்ற நாளில் முடிந்தபோதெல்லாம் உள்ளே போய்விடுவேன். பூங்காவுக்குள் இருக்கும் சிலோண்டா பாதையில் நான் முதலில் தேடுவது சிறுத்தையின் கால்தடத்தை இல்லை, இந்தக் குருவிகளைத்தான்.

அடையாளம் சொல்கிறேன், மகளுக்கும் காட்டுங்கள். இங்கே மூன்று சில்லைகள் ஒன்றுக்கொன்று குழப்பும். மார்பு முழுக்க மீன் செதில் மாதிரி கோடு போட்டிருந்தால் புள்ளிச் சில்லை. வெளிர் மணல் நிறமாக, நீளமான கறுப்பு வாலோடு, முள்ளுக்காடு, காலி மனை என்று சுற்றினால் வெண்தொண்டைச் சில்லை. அதற்கும் வால் அடியில் வெள்ளை உண்டு, அங்கேதான் பலர் ஏமாறுவார்கள். நீங்கள் பார்த்ததற்கு முகமும் தொண்டையும் மார்பும் கருத்திருக்கும், வயிறு வெள்ளை, கறுப்பும் வெள்ளையும் சந்திக்கிற இடம் கத்தரித்தது மாதிரி இருக்கும். முதுகில் மெல்லிய வெளிர்க் கீற்றுகள். கீழ் மூக்கு நீலமும் சாம்பலும் கலந்தது. மூங்கிலோரம், காட்டின் விளிம்பு, ஓடைக்கரை இதுதான் அதன் வீடு. ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒரே மாதிரி. பாடுவது மட்டும் ஆண்.

இப்போது உங்கள் சாக்லேட்டு. உங்கள் மகள் கண் சரியான கண் தம்பி. அவள் சொன்னது தப்பே இல்லை. கடையில் பெங்காலி ஃபிஞ்ச் என்று விற்கிறார்களே, அதன் மூதாதை இதே வெண்முதுகுச் சில்லைதான். பெயரில் வங்காளம் இருந்தாலும் அது உருவானது ஜப்பானில். சுமார் 250 வருஷத்துக்கு முன் சீனாவிலிருந்து ஜப்பானுக்குக் கொண்டுபோன காட்டுச் சில்லைகளைத் தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் வளர்த்ததில் வெள்ளைத் திட்டு, வெளிர் பழுப்பு என்று நிறங்கள் பிரிந்து வந்தன. முழுப் பழுப்பாக இருப்பது இன்னும் மூதாதை முகத்தோடு இருக்கிறது. அதாவது நாட்டுக்கோழிக்கும் காட்டுக்கோழிக்கும் உள்ள உறவு மாதிரி.

நிறம் மட்டும் மாறவில்லை, பாட்டும் மாறிவிட்டது. ஜப்பானிய ஆய்வாளர் கசுவோ ஒக்கனோயா இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார். காட்டு ஆண் ஏறக்குறைய ஒரே வரிசையில் எளிய பாட்டைப் பாடும். கூண்டில் வளர்ந்தது அடிகளை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு, கிளை பிரித்துப் பாடும். காட்டில் பாம்பையும் வல்லூறையும் கவனிக்க வேண்டும், பாட்டை வைத்துத் தன் இனத்தை அடையாளம் காண வேண்டும். கூண்டில் அந்த நெருக்கடி இல்லை, அதனால் பாட்டு விரிந்தது என்பது சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. உங்கள் சாக்லேட்டு ஆணாக இருந்தால், சிறகை உப்பிக்கொண்டு பக்கத்துக் குருவியிடம் மெதுவாகப் பாடுவதை மகள் கேட்டிருப்பாள். அவளைக் காட்டுக்குக் கூட்டிவந்து கண்ணை மூடிக் கேட்கச் சொல்லுங்கள். காட்டுக் குருவியின் பாட்டு காதுக்கு எட்டாத அளவுக்கு மெல்லிசு, பக்கத்தில் இருந்தால்தான் கேட்கும். கூட்டமாகப் பறக்கையில் போடும் "ப்ரிட் ப்ரிட்" சத்தம் எளிதாகக் கேட்கும்.

விடலாமா என்ற கேள்விக்கு என் பதில்: வேண்டாம் தம்பி. தயவுசெய்து வேண்டாம். 250 வருஷமாகத் தட்டில் தினை கிடைத்த வம்சம் அது. நிற்கிற கதிரில் தொங்கி உரித்துத் தின்னவோ, நிழல் விழுந்ததும் மூங்கிலுக்குள் பாயவோ அதற்குப் பழக்கமில்லை. வெள்ளைத் திட்டு உள்ளது முதல் நாளே எதன் கண்ணிலாவது படும். தப்பித் தவறிப் பிழைத்தால் அது வேறு சிக்கல். ஒரே இனம் என்பதால் காட்டுக் குருவியோடு கலந்துவிடும், கூண்டு நோயையும் கொண்டுபோகும். நாம் பாசத்தில் விடுகிற ஒரு ஜோடி, அங்கே இருக்கிற கூட்டத்துக்குக் கேடாக முடியலாம். மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: சாக்லேட்டின் சொந்தக்காரர்கள் காட்டில் இருக்கிறார்கள், சாக்லேட்டு வீட்டில் இருக்கிறது, நாம் போய்ச் சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டு வரலாம்.

முலுண்ட்வாசி:

அக்கா, உங்க பதிலை என் பொண்ணுக்குப் படிச்சுக் காட்டினேன். ஜப்பான் கதையை மூணு தடவை கேட்டா. சாக்லேட்டு ஆண்தான், நீங்க சொன்ன மாதிரியே உப்பிக்கிட்டுப் பாடும்.

ஆனா ஒரு விஷயம் மனசை உறுத்துது. தீனி வாங்கப் போன கடையில, பேரு வேணாம், ஒருத்தர் உள்ளேர்ந்து ஒரு சின்னக் கூண்டை எடுத்துக் காட்டினார். அதுக்குள்ள சிவப்பு உடம்புல வெள்ளைப் புள்ளி போட்ட குருவி ஒரு முப்பது இருக்கும், ஒண்ணு மேல ஒண்ணு. "லால், காட்டுச் சரக்கு, ஜோடி எடுத்துக்கோங்க"ன்னார். ஓரத்துல ஒண்ணு கண்ணை மூடிக்கிட்டு மூக்கைக் கம்பில வச்சுக்கிட்டு இருந்துது. வாங்கல. ஆனா ஒண்ணும் சொல்லாம வந்துட்டேன். அதுவும் முனியாவா?

இன்னொண்ணு, இந்தக் குருவிங்க விதை மட்டும்தான் தின்னுமா? குஞ்சுக்கு என்ன குடுக்கும்னு கேக்கறா.

சிலோண்டா:

அது சிவப்புச் சில்லை தம்பி. ஒரு காலத்தில் அகமதாபாத்திலிருந்து இதைக் கூண்டு கூண்டாக ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். அந்த ஊர்ப் பெயர் சிதைந்துதான் அதன் ஆங்கிலப் பெயரும் அறிவியல் பெயரும் வந்தன. ஒரு பறவையின் பெயரிலேயே அதைப் பிடித்து விற்ற சந்தை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தால் வேதனையாக இருக்கும். ஆண் இனப்பெருக்கக் காலத்தில் மட்டும்தான் அந்தச் சிவப்பு, மற்ற மாதங்களில் பெண்ணைப் போல மங்கிவிடும். அதைப் பார்த்துவிட்டுச் "சாயம் போய்விட்டது" என்று கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தவர்களையே நான் பார்த்திருக்கிறேன்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 1972ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 1990-91இலிருந்து நம் நாட்டுப் பறவை எதையும் பிடித்து விற்பதற்குத் தடை. விற்பதும் குற்றம், இரக்கப்பட்டு வாங்கி விடுதலை செய்வதும் அதே வியாபாரத்துக்குத்தான் தீனி போடும். நீங்கள் ஒன்று வாங்கினால் அந்த இடத்தை நிரப்ப இன்னும் சிலதைப் பிடிப்பார்கள். மகாராஷ்டிர வனத்துறையின் உதவி எண் 1926. இப்போதே கூப்பிட்டுக் கடை இருக்கும் தெருவைச் சொல்லுங்கள். போன வாரம் பார்த்தது என்று தயங்க வேண்டாம்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதில்தான் இருக்கிறது.

சில வருஷம் முன்பு, டிசம்பர் மாதம். மழை நின்று ஓடை ஒடுங்கி, பாறைகளுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தேங்கியிருந்தது. நான் ஒரு பாறையில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்தேன். நாலு வெண்முதுகுச் சில்லைகள் குட்டையின் விளிம்புக்கு இறங்கின. தண்ணீர் குடிக்க வந்தவை என்று நினைத்தேன். குடிக்கவில்லை. ஒன்று தலையைச் சாய்த்து, தண்ணீரில் மிதந்த பச்சைப் பாசியைக் கவ்வி இழுத்தது. இடியாப்ப இழை மாதிரி நீளமாக வந்தது. இழையின் ஒரு முனை மூக்கில், மறுமுனை தண்ணீரில். பின்னால் ஒரு அடி வைத்து இழுத்தது, இன்னும் வந்தது. பிறகு அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொண்டது, தாடையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பக்கத்தில் நின்றது அதே இழையின் நடுவைப் பிடித்தது. காபி ஆறிப்போனது கூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, மலேசியாவில் இதே இனத்தைக் கவனித்த ஆய்விலும் இதையே கண்டிருக்கிறார்கள். ஸ்பைரோகைரா என்கிற அந்த இழைப் பாசியில் புரதம் உண்டு, முட்டையிடும் காலத்துக்குத் தேவையான புரதத்தை அதிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. பள்ளிக்கூடத்தில் தாவரவியலில் படம் வரைந்து மார்க் வாங்கிய ஸ்பைரோகைரா, கண்ணெதிரே ஒரு குருவியின் வாயில்! விதை, மூங்கிலரிசி, நெல், பாசி, கொஞ்சம் பூச்சி எல்லாம் உண்டு என்று மகளிடம் சொல்லுங்கள். குஞ்சுக்கு அப்பா அம்மா இரண்டும் இரைப்பையில் ஊறவைத்த விதையைக் கக்கி ஊட்டும்.

கூட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புல் இழைகளைச் சுற்றிச் சுற்றிப் பந்து மாதிரி கட்டும், பக்கவாட்டில் வாசல். முட்டை வெள்ளை, இரண்டும் மாறி மாறி அடைகாக்கும். குஞ்சுகள் பறந்த பிறகும் கூட்டை விட்டுவிடாது, ராத்திரி தூங்க எல்லாம் அதே கூட்டுக்கு வரும். ஒரு சாயங்காலம், கேட் மூடும் நேரத்துக்குச் சற்று முன், ஒரே கூட்டுக்குள் ஆறு குருவி ஒவ்வொன்றாகப் போவதை எண்ணினேன். ஆறாவது பாதி உள்ளே, பாதி வெளியே. உள்ளே இடமில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் வால் மட்டும் வாசலில் தெரிந்தது, பிறகு அதுவும் உள்ளே போய்விட்டது.

இந்தக் குருவிகள் இருப்பதும் இல்லாததும் புல்லைப் பொறுத்தது, அதுதான் எனக்குக் கவலை. சிறுத்தைக்குக் காடு வேண்டும் என்றால் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். காய்ந்த புல்லைப் பார்த்தால் மட்டும் "குப்பை, வெட்டு" என்பார்கள். பிப்ரவரி, மார்ச்சில் யாரோ போடும் பீடித் துண்டில் ஒரு சரிவே எரிந்துபோகும். மழையில் முளைத்த புல் அக்டோபரில் கதிர் விடும், அந்தக் கதிர் நின்றால்தான் இதற்குச் சாப்பாடு. முன்பு நாற்பது, ஐம்பது பார்த்த ஒரு வளைவில், புல்லைச் சீவிய வருஷம் ஒன்றுகூட வரவில்லை. அடுத்த மழைக்குப் பிறகு வெட்டாமல் விட்டார்கள், பன்னிரண்டு வந்தன. நான் எண்ணிப் பார்த்தேன்.

தாணே_யேயூர்:

அக்கா சொல்றது நூத்துக்கு நூறு. பார்க்கோட தாணே பக்கம் இருக்கிற யேயூர்லயும் இதேதான். எங்க சொசைட்டி பின்னாடி காம்பவுண்டு சுவர் காட்டை ஒட்டி இருக்கு. மழைக்குப் பிறகு புல்லை வெட்ட ஆள் வருவான், நாலு வருஷமா சுவரோரம் மட்டும் ஆறடி அகலம் விடச் சொல்லிட்டோம். பாம்பு வரும்னு ரெண்டு பேர் சண்டை போட்டாங்க. நடைபாதையைச் சுத்தமா வச்சுக்கிட்டு, விளக்கு போட்டு, சுவரோரம் மட்டும் விட்டதுல யாருக்கும் ஒண்ணும் ஆகல. புள்ளிச் சில்லை ஒவ்வொரு நவம்பரும் வருது. வெண்முதுகு ஒரே ஒரு வருஷம் வந்துது.

@முலுண்ட்வாசி, உங்க பொண்ணுகிட்ட பறவை ஆய்வாளர் சலீம் அலி கதையைச் சொல்லுங்க. மும்பைப் பையன், ஏர்கன்னால ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டார். தொண்டையில மஞ்சளா இருந்துது, என்ன குருவின்னு வீட்டுல யாருக்கும் தெரியல. அதைக் கேக்கத்தான் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். 1883ல ஆரம்பிச்ச கழகம், இன்னும் இங்கதான் இருக்கு. ஒரு சின்னப் பழுப்புக் குருவியைப் பார்த்து இது என்னன்னு கேட்டதுதான் ஆரம்பம். உங்க பொண்ணு துப்பாக்கி இல்லாமலே அதே கேள்வியைக் கேட்டிருக்கா.

முலுண்ட்வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மூணு விஷயம் சொல்லணும்.

1926க்குப் போன் பண்ணிட்டேன். தெருவு, கடை எந்தப் பக்கம், உள்ளே எந்த மூலையில கூண்டு இருந்துது எல்லாம் கேட்டு எழுதிக்கிட்டாங்க. இன்னும் தகவல் வரல, நாளைக்கு மறுபடி கூப்பிடுவேன்.

சாக்லேட்டும் துணையும் வீட்டுலயே இருக்கு. பொண்ணு ஒத்துக்கிட்டா, ஆனா ஒரு நிபந்தனை போட்டா: "காட்டுல சாப்பிடற மாதிரியே இங்கயும் குடுக்கணும்." சொசைட்டி பின்னாடி காலி மனையில கதிர் விட்ட புல் நிக்குது, அதுல ஒரு கத்தை அறுத்துக் கழுவிக் கூண்டுக் கம்பில நிக்க வச்சுக் கட்டினோம். முதல் நாள் ரெண்டும் பயந்து மூலையில உக்காந்துடுச்சு. ரெண்டாம் நாள் சாக்லேட்டு ஒரு தண்டுல காலை வச்சுது, தண்டு வளைஞ்சுது, தொப்புன்னு கீழ விழுந்துது. மறுபடி ஏறிச்சு. அக்கா சொன்னதோட அர்த்தம் அப்பத்தான் எனக்கு முழுசா விளங்கிச்சு. கதிர்ல தொங்கறதுக்கே அதுக்கு மூணு நாள் ஆச்சு.

நேத்து ஞாயிறு மறுபடி போனோம், காலையில ஏழரைக்கே கேட்ல நின்னோம். அதே மூங்கில், அதே புல். என் பொண்ணு ரோட்டுலயே உக்காந்துக்கிட்டா, அசையவே இல்ல. இருபது நிமிஷம் கழிச்சு வந்துச்சு. கறுப்பு மார்பு, வெள்ளை வயிறு, கத்தரிச்சது மாதிரி கோடு. பதினொண்ணு எண்ணினா. நான் ஒன்பதுதான் எண்ணினேன்.

அக்கா, அடுத்த ஞாயிறு நீங்க சிலோண்டா பக்கம் வருவீங்களா? அந்தப் பாசிக் குட்டையை அவளுக்குக் காட்டணும்.

சிலோண்டா:

அவள் எண்ணியது பதினொன்றாகத்தான் இருக்கும் தம்பி, குழந்தைகளுக்குக் கீழே இருப்பது நன்றாகத் தெரியும். வருகிறேன். குட்டையில் பாசி நன்றாகக் கட்ட டிசம்பர் இரண்டாம் வாரமாகும், அதனால் இந்த ஞாயிறு வேண்டாம், அதற்கு அடுத்தடுத்த ஞாயிறு வைத்துக்கொள்வோம். ஏழரைக்கு மெயின் கேட். அந்தப் பாதைக்கு அனுமதி வாங்க வேண்டும், நான் முன்கூட்டியே கேட்டு வைக்கிறேன். பளிச்சென்ற சட்டை வேண்டாம், பச்சையோ மண் நிறமோ போட்டுக் கூட்டிவாருங்கள். உட்காருவதற்கு ஒரு பழைய துண்டு எடுத்து வாருங்கள், பாறை ஈரமாக இருக்கும்.